கண்டுபிடிச்சுக் கொடுத்தவர்

இல்லய்யா, இன்னைக்கு அவ்வளவு சீக்கிரம் விடமாட்டேன். வலிக்கும்தான். இத்தனை மாசமா ரெண்டு கையும் அசையாமக் கிடந்தா நரம்பு கோவிச்சுக்காதா? நீங்க பாட்டுக்குக் கண்ணை மூடிக்கிட்டா நான் துண்டை மடிச்சு வச்சிட்டுக் கிளம்பிடுவேனா. வலது கையை என்கிட்ட குடுங்க. நான்தான் தூக்கறேன், நீங்க சும்மா கூட வந்தாப் போதும். ஆங், அப்படித்தான்.

வாயும் கையும்தான் விழுந்துச்சு, புத்தி தெளிவா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்போ நான் பேசறது எல்லாம் உங்களுக்கு விளங்கும். அது போதும் எனக்கு.

போன மாசம் என்கூட ஒரு பெரியவர் வந்தாரே, ஞாபகம் இருக்கா? இருக்கு, இருக்கு, முகமே சொல்லுது. உங்களை எழுப்பி உக்கார வைக்க ஒரு ஆள் துணை வேணும்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். சும்மா சொன்னேன். அவரால ஒரு வாளித் தண்ணி தூக்க முடியாது. அவர் எங்க தாத்தா. எங்கம்மாவோட அப்பா.

எங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும் அவர் ஒரு இரும்புக் கடையில ஆணியும் கீலும் எடுத்துக் குடுத்துக்கிட்டு இருந்த மனுஷன். அதுக்கு முன்னாடி என்ன பண்ணாருன்னு யாரும் கேட்டதில்ல. ஒரு வேடிக்கை என்னன்னா, அவரும் யாரையும் எதையும் கேக்கமாட்டாரு. எங்கே போறே, எப்போ வருவே, யாரோட போறே... ஒண்ணும் கிடையாது. எங்கம்மா சின்ன வயசுல ஊர் சுத்திட்டு இருட்டினப்புறம் வந்தாக்கூட, சாப்பிட்டியான்னு மட்டும்தான் கேப்பாராம். பெத்த பொண்ணு இருக்காளா செத்தாளான்னு கூட அந்த ஆளுக்கு அக்கறை இல்லடின்னு சொல்லிச் சொல்லி அழுவா. அந்த மனக்குறையோடயே போயும் சேர்ந்துட்டா.

ஒருதரம் பக்கத்து வீட்டுக்காரர், அவர் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்னு தேடிக்கிட்டு வந்தாரு. அந்த அம்மா எங்க சமையல்கட்டுல உக்காந்து மூக்கைச் சிந்திக்கிட்டு இருந்தாங்க. தாத்தா வாசலை மறிச்சு நின்னுக்கிட்டு, தெரியாது, நான் பாக்கலைன்னுட்டாரு. அவ்வளவு சுத்தமா ஒரு பொய்யை நான் அதுவரைக்கும் கேட்டதில்ல. அன்னைக்கு எனக்கு அது சிரிப்பா இருந்துச்சு.

கட்டைவிரலை மடிங்க. முழுசா. சரி, பாதிக்கு மேல வரலைன்னா விடுங்க.

உங்க வீட்டுக்கு நான் வேலைக்கு வந்த புதுசுல, ஒருநாள் சாப்பிடும்போது உங்களைப் பத்திச் சொன்னேன். உங்களைன்னா, முக்கியமா அக்காவைப் பத்தி. உங்க பொண்ணு வேலையை விட்டுட்டு உங்களுக்கு வாய் துடைச்சு, புரட்டிப் போட்டு, ஒரு புண் வராம பாத்துக்கறதைச் சொன்னேன். அம்மா ஓடிப்போனப்புறம் அப்பாதான் என்னை ஆளாக்கினாருன்னு அக்கா எப்பவும் சொல்வாங்கல்ல, அதையும் சொன்னேன். ஹால்ல இருக்கற கல்யாணப் போட்டோவுல பொண்ணு பக்கத்தை வெட்டிட்டு மாப்பிள்ளையை மட்டும் மாட்டியிருக்காங்கன்னேன். பெரிய மரக்கடை வச்சிருந்தவராம்னேன்.

தாத்தா சாப்பாட்டுல கை வச்சபடியே இருந்தாரு. அப்புறம் கேட்டாரு, அவருக்குப் புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு இருக்கான்னு.

என்னைக்குமே கேள்வி கேக்காத மனுஷன். இருக்கு தாத்தான்னேன்.

லாண்டரிக்கு மேல ஒரு சின்ன ரூம், மேல ஏறினா சோப்பு வாசனையும் ஆவியும், கதவுல போர்டு கிடையாது. நீங்க ஏறி வந்திருக்கீங்க. எங்க தாத்தா அந்தக் காலத்துல டிடெக்டிவா இருந்தாருன்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளை எப்படின்னு விசாரிக்கறது, காணாமப்போனவங்களைத் தேடறது. தேடிப்போய் வெறுங்கையோட வந்ததே இல்லையாம். நீங்க அவர் முன்னாடி உக்காந்து குலுங்கிக் குலுங்கி அழுதீங்களாம். பொண்டாட்டி போயிட்டா, கைக்குழந்தை அம்மா அம்மான்னு ஏங்கிப் போகுது, எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க, கால்ல விழுந்து கூட்டிட்டு வந்துடறேன்னு.

அவர் கண்டுபிடிச்சாரு. வேற ஊர்ல ஒரு பிஸ்கட் கம்பெனி, அட்டைப்பெட்டி ஒட்டற வேலை. பொம்பளைங்க விடுதியில தங்கியிருந்தாங்க. சாயந்தரம் விடுதி வாசல்ல நின்ன தாத்தாவைப் பார்த்ததும் அவங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. என் புருஷன் அனுப்பினாரான்னு கேட்டாங்களாம். அடுத்ததா கேட்டாங்களாம், பாப்பாவுக்கு இருமல் நின்னுச்சான்னு.

இருமலைக் கேட்டவுடனே இவர் என்ன நினைச்சாரு? இவ்வளவு பாசம் இருக்கறவ வீட்டுக்கு வரத்தான் ஆசைப்படுறான்னு நினைச்சாரு. என்னைப் பாக்கலைன்னு சொல்லிடுங்கன்னு அவங்க கெஞ்சினதைக் காதுல போட்டுக்கல. கையில பழைய சூட்டுத் தழும்பு வரிசையா இருந்ததையும் பார்த்திருக்காரு. பார்த்துட்டு, சமையல்ல பட்டிருக்கும்னு தனக்குத் தானே சொல்லிக்கிட்டாராம். விலாசத்தை எழுதி உங்க கையில குடுத்துட்டாரு. துப்பறியறவராம்.

கையை இறுக்காதீங்கய்யா. இறுக்கினா எனக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்.

நீங்க கார்ல போய்க் கூட்டிட்டுக் கிளம்பினீங்க. விடுதியில தட்டுல போட்ட சாப்பாடு அப்படியே இருந்துச்சாம். அந்த அம்மா வீடு வந்து சேரவே இல்ல. தாத்தா விஷயம் கேள்விப்பட்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினா, நீங்க அவரை மேலயும் கீழயும் பார்த்துட்டு, இந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாதுன்னுட்டீங்க. விடுதி வார்டனும் முதல்ல உங்களைப் பார்த்தேன்னு சொல்லிட்டு, அப்புறம் காரோட பின்பக்கத்தைத்தான் பார்த்தேன்னு மாத்திட்டா. காணவில்லைன்னு எழுதி மூடிட்டாங்க. தாத்தா மட்டும் மூடல. நீங்க கார் ஓட்டின வழியில இருந்த குளம், கல்குவாரி, பாழடைஞ்ச கிணறுன்னு வருஷக்கணக்கா அலைஞ்சிருக்காரு. ஒரு வளையல் துண்டு கூடக் கிடைக்கல. கடைசியில ரூமைப் பூட்டிட்டு இரும்புக் கடைக்குப் போனாரு. அதுக்கப்புறம் எந்தப் பொம்பளை எங்க இருக்கான்னு எவன் கேட்டாலும், தெரியாது. பெத்த பொண்ணு எங்க போறான்னு கூடத் தெரிஞ்சுக்கவே பயம். எங்கம்மாவுக்கு அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லல. அவர் நல்லவர்னு நான் உங்ககிட்ட வாதாட வரல.

போன மாசம் அவர் இந்த வாசல்ல நின்னப்போ நீங்க அவரைப் பார்த்தீங்க. பார்த்துட்டு, சுவத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டீங்க. ஸ்டேஷன்ல தெரியாதுன்னான், இன்னைக்குத் தெரியும்னுட்டான்னு தாத்தா சொன்னாரு.

அப்புறம் சமையல்கட்டுல உக்காந்து அக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாரு. ஆமாய்யா, அன்னைக்கே. நான் கதவுக்கிட்ட நின்னேன். அக்கா திட்டுவாங்க, அடிச்சு விரட்டுவாங்கன்னு நினைச்சேன். ஒண்ணும் இல்ல. அடுப்பை அணைச்சாங்க. எங்கம்மா என்னைப் பத்தி ஏதாவது கேட்டாங்களான்னு கேட்டாங்க. தாத்தா அந்த இருமலைச் சொன்னாரு. அவ்வளவுதான். நாப்பது வருஷத்துக்கு மேல அம்மாங்கற வார்த்தைக்கே முகத்தைச் சுளிச்ச பொண்ணு, தரையில உக்காந்து புடவைத் தலைப்பை வாயில அடைச்சுக்கிட்டாங்க. உங்களுக்குக் கேட்டுடக் கூடாதுல்ல.

அதுக்கப்புறமும் உங்களுக்கு ஒரு குறை வச்சாங்களா? இல்லையே. சூப்பை ஊதி ஊதித்தானே ஊட்டுறாங்க. எனக்குக் கூட முதல்ல புரியல. எப்படிக்கா முடியுதுன்னு கேட்டேன். அவர் சாகக் கூடாதும்மா, நீ அவர் கையை மட்டும் கொண்டு வந்துடுன்னாங்க. கண்ணைச் சிமிட்டச் சொல்லிக் கேக்கலாமேன்னேன். அதெல்லாம் நாளைக்கு இல்லைன்னு ஆயிடும், எங்கம்மாவை எங்க போட்டாருன்னு அவர் கையால எழுதணும்னாங்க. வாரத்துல ரெண்டு நாளா இருந்த பயிற்சி தினமும் ஆனது அதனாலதான். நீங்க பாசம்னு நினைச்சிருப்பீங்க.

சரி, போதும். கையைத் துடைச்சு விடறேன்.

ஒண்ணு சொல்லணும்யா. உங்களுக்குக் கை வந்துடுச்சு. போன வாரமே வந்துடுச்சு. மூக்குல உக்காந்த ஈயை விரட்டினீங்க, நான் கண்ணாடியில பார்த்தேன். என்கிட்ட மட்டும் தொங்கப் போட்டுக்கிட்டுக் கிடக்கறீங்க.

காலையில அக்காகிட்ட சொல்லிட்டேன். வெளியில பேச்சுக்குரல் கேக்குதுல்ல, அக்காவும் இன்ஸ்பெக்டரம்மாவும்தான். தலையணையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி வைக்கவா? எழுதறதுக்கு வாகா இருக்கும்.