மூணடி மூங்கில்

பொய்யி சார், அத்தனையும் பொய்யி! போன்ல தோட்டம் போட்டுக் காட்ட ஒரு ஆப்பாம், போனைத் தூக்கிக் காலி இடத்துக்கு நேரா பிடிக்கணுமாம். வெறுந்தரையில செடி, கொடி எல்லாம் நிஜமாட்டம் நிக்குமாம். விரலால தள்ளுனா ரெண்டு வருஷம் கழிச்சு எப்படி வளந்திருக்கும்னு காட்டுமாம். அதைப் பாத்துத்தான் எம்பொண்ணு அடுப்படிச் சுவரோரமா மூங்கில் நட்டா. மூணடிக்கு மேல போகாதுன்னு காட்டுச்சாம். இப்ப மொட்டை மாடிய எட்டிப் பாக்குது! வேரு சுவருக்கு அடியில பூந்து... காலைக் கொஞ்சம் நகத்திக்கோங்க, சாக்குல கடப்பாரை இருக்கு, பஸ் குலுங்குனா மேல விழும்... அடுப்படித் தரை ஓடு பேந்துபோச்சு சார். பாத்திரம் கழுவுற இடத்துல மூங்கில் குருத்து! மாப்பிள்ளை தினம் அவளைத் திட்டுறாராம். 'புத்திய எங்க கழட்டி வெச்ச'ன்னு.

நாப்பது வருஷமா செடி வளக்குற அப்பன் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். என்னைக் கேட்டாளா? கேக்கல... சரி, அந்த வீட்டுப் பக்கம் நான் ரெண்டு வருஷமா போகல, அது வேற. வீடு வாங்குறப்ப மாப்பிள்ளை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல சார்! அன்னிலேருந்து அவ போனையும் எடுக்கறதில்ல. கோபம்னா கோபந்தான்.

இந்த ஆப்பைச் செஞ்ச ஆபீஸை எனக்குத் தெரியும். மூணு வருஷம் முன்னாடி என்னைக் கூட்டிட்டுப் போனாங்க. 'ஐயா, உங்க அனுபவம் எங்களுக்கு வேணும்.' உள்ள போனா ஜில்லுனு இருக்கு. எல்லாருக்கும் சுத்துற நாற்காலி, எனக்கு மட்டும் தண்ணி கேன் பக்கத்துல ஒரு ஸ்டூல். ஜன்னலோரம் ஒரு தொட்டிச் செடி. தொட்டுப் பாக்குறேன், பிளாஸ்டிக்கு! இவனுங்க ஊருக்குத் தோட்டம் போட்டுக் காட்டப் போறானுங்க!

கண்ணாடிக்காரன் ஒருத்தன், கம்ப்யூட்டரை விட்டுத் தலையே தூக்கல. 'செம்பருத்தி எவ்வளவு உயரம்?' நான் சொல்றேன், 'தம்பி, அது மண்ணைப் பொறுத்தது, வெயிலைப் பொறுத்தது, நீ வெட்டி விடுறதைப் பொறுத்தது...' 'ஐயா, ஒரே ஒரு நம்பர் சொல்லுங்க. கட்டத்துல ஒண்ணுதான் ஏறும்.' அறுபது செடி சார்! நான் வாயைத் திறக்க, அவன் 'நம்பர்'ங்க, திறக்க, 'நம்பர்'ங்க... கடைசியா மூங்கில். 'எந்த மூங்கில்ப்பா? ஒண்ணு வெச்ச இடத்துல நிக்கும், ஒண்ணு தெருவையே சுத்தி வரும்'னு ஆரம்பிக்கிறேன், கொட்டாவி விட்டான். வாயைக்கூட மூடாம!

சொன்னேன். மூணடின்னேன்.

'பரவுமா?'ன்னான். 'ச்சே, பசை போட்டு ஒட்டுன மாதிரி நிக்கும்'னேன். நிமிந்துகூடப் பாக்காம தட்டிட்டான். அவனுங்க படட்டும், அப்பத்தான் தெரியும்னு... என்ன சார் அப்படிப் பாக்குறீங்க? எவனோ நடுவான், எவனோ போய் அவனுங்க சட்டையப் பிடிப்பான்னு நெனச்சேன். எம்பொண்ணு நடுவான்னு கண்டேனா?

நேத்து வந்து அழுதா. 'அப்பனைக் கேக்காம மிஷினை நம்புனேல்ல, நல்லா வேணும்'னு நானும் கத்துனேன். அவ போனைத் திறந்து நீட்டுனா. மூங்கிலுக்குப் பக்கத்துல வட்டமா ஒரு போட்டோ, கீழ 'விவரம் சொன்னவர்'னு... நான் சார். பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறேன். அன்னிக்கு வெளிய வர்றப்ப ஒண்ணு எடுத்தானுங்க, வாசல்ல காவல்காரர்கிட்ட காட்டறதுக்குப் போலன்னு விட்டுட்டேன். 'நீதான் எங்கூடப் பேசறதில்ல, இதுலயாச்சும் நீ சொல்ற மாதிரி செய்வோம்னுதான் நட்டேன்ப்பா'ங்கறா.

அந்தப் போட்டோவை அவ மாப்பிள்ளைகிட்ட இன்னும் காட்டல. அத்தனை திட்டையும் அவளே வாங்கிக்கிறா. தோண்டுறது பெரிசில்ல சார். அரை நாள் வேலை. தோண்டுறதுக்கு முன்னாடி அந்த மனுஷன் மூஞ்சியப் பாத்து, நான்தான்னு...

என்ன, இதான் ஸ்டாப்பா? வந்துடுச்சா? கொஞ்சம் எந்திரிங்க சார், வழி விடுங்க...

இல்ல. உக்காருங்க, உக்காருங்க. அடுத்ததுல இறங்கிக்கிறேன்.