ஐஸ் பெட்டிக்குள் வைத்த ஹெல்மெட்

என் பெயர் லொரேன் டிட்மோர். வயது ஐம்பத்து நான்கு. அலபாமா மாநிலம், ஆஷ்க்ரோவ் ஊர், மில் சாலை, பன்னிரண்டாம் எண் வீட்டில் தனியாகக் குடியிருக்கிறேன். ஆஷ்க்ரோவ் கல்லூரியில், ஹெல்மெட் போட்டு மோதி ஆடும் அமெரிக்க ஃபுட்பால் அணியில் ஆட்டக்காரர்களின் காயங்களைக் கவனிக்கும் வேலையைப் பத்தொன்பது ஆண்டுகளாகச் செய்கிறேன். கல்லூரியின் ஹெல்மெட் ஒன்றை நான் திருடியதாகத் தலைமைப் பயிற்சியாளர் வேட் ஹட்டோ கொடுத்த புகாரின் பேரில் விசாரிக்கப்பட்டு இதைச் சொல்கிறேன்.

கடந்த சனிக்கிழமை பிற்பகல் எங்கள் மைதானத்தில் ஆட்டம் நடந்தது. அன்றைய தினத்தைத் தலைக்காய விழிப்புணர்வு நாள் என்று கல்லூரி அறிவித்து, எல்லா ஹெல்மெட்டிலும் பச்சை ரிப்பன் படம் ஒட்டச் சொன்னது. ஒட்டியது நான்தான். இடைவேளைக்குப் பிறகு கோர்டெல் பெட்வே என்ற ஆட்டக்காரன், வயது இருபது, தலையில் மோதுண்டு விழுந்தான். அதன்பிறகு தானாக எழுந்து, எதிரணியின் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். கூட்டம் சிரித்தது. நான் அவனை அழைத்து வந்து, போன வாரம் யாருடன் ஆடினோம் என்று கேட்டதற்கு, தன் பள்ளிக்கூடக் காலத்து எதிரணியின் பெயரைச் சொன்னான். அதன்பிறகு அவன் ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டேன். தலையில் அடிபட்டவனிடம் ஹெல்மெட்டை விட்டுவைக்காதது எங்கள் தொழில் வழக்கம். அது இல்லாமல் நடுவர் உள்ளே விடமாட்டார். பெட்வேயின் தலைக்கு வேறு எதுவும் பொருந்தாது என்பதும் எனக்குத் தெரியும்.

அதன்பிறகு மேற்படி ஹெல்மெட்டை ஐஸ் பெட்டிக்குள் போட்டு, மூடியின் மேல் உட்கார்ந்துகொண்டேன். ஹட்டோ வந்து கேட்டார். கெஞ்சினால் மிஞ்சுவார், மிஞ்சினால் கெஞ்சுவார். நான் இரண்டுக்கும் இடம் கொடுக்கவில்லை. மாநிலமே டிவியில் பார்க்கிறது என்றார். பார்க்கட்டும் என்றேன். அப்படியானால் இந்தப் பச்சை ரிப்பன் எதற்கு என்று நான் கேட்டதும் ஆட்டத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். ஊருக்குத்தான் உபதேசம்.

அதன்பிறகு பெட்வே வந்து என் முன் மண்டியிட்டான்.

"மிஸ் லொரேன், பெரிய டீமுக்கு ஆள் எடுக்கறவங்க வந்திருக்காங்க. இன்னிக்கு விட்டா எனக்கு வேற நாள் கிடையாது. குடுத்துடுங்க."

"மாட்டேன்டா தம்பி. வேணும்னா என்னைத் திட்டிக்கோ."

திட்டினான். பத்து நிமிடம் கழித்து மறுபடி வந்து மண்டியிட்டு, முதல் தடவை கேட்பவனைப் போல அதே வார்த்தைகளில் கேட்டான். இப்படி நான்கு முறை. நான் மூடியை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஆட்டத்தில் தோற்றோம். திங்கட்கிழமை பயிற்சியில் அவனை இறக்கிவிடுவார்கள் என்பதால், அதன்பிறகு ஹெல்மெட்டை என் வண்டியில் வைத்துப் பூட்டி வீட்டுக்குக் கொண்டுபோனேன். இன்று இங்கே காவல் நிலையத்தில் ஒப்படைக்கிறேன். மருத்துவர் கடிதம் தரும்வரை கல்லூரியிடம் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதினொரு வருடங்களுக்கு முன் டெரன்ஸ் க்ரம்ப்டன் என்ற ஆட்டக்காரனும் தலையில் அடிபட்டு, இப்படித்தான் மண்டியிட்டு ஹெல்மெட்டைக் கேட்டான். அப்போதும் ஹட்டோதான் பயிற்சியாளர். நான் கொடுத்துவிட்டேன். க்ரம்ப்டனுக்கு இப்போது முப்பத்திரண்டு வயது. சட்டைப் பொத்தானை அவன் அம்மா போட்டுவிடுகிறார். அதற்காக என் மேல் யாரும் புகார் கொடுக்கவில்லை. இது இந்த வழக்கில் சேராது என்று எழுதிக்கொண்டிருந்த அதிகாரி சொன்னார். எழுதாவிட்டால் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். எழுதினார்.

எடுத்த ஹெல்மெட், கொடுத்த ஹெல்மெட் இரண்டைப் பற்றியும் நான் சொன்னபடியே எழுதப்பட்டிருப்பதைப் படித்துப் பார்த்தேன். எல்லாம் உண்மை.

(ஒப்பம்) லொரேன் டிட்மோர்