சர்டிபிகேட் இல்லாதவர்

என் கையெழுத்து கோணல், எழுத்துப்பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூரிலிருந்து திருக்காட்டுப்பள்ளி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒருவர். பட்டாளத்தில் டெலிபோன் கம்பி இழுத்து ஓய்வு பெற்றவர்; இன்டர்நெட் கம்பெனி ஒன்றில் வேலை கேட்டுவிட்டு வருகிறார். பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி.

“என்ன கேட்டாங்க மாமா?”

“ஐ.டி.ஐ. சர்டிபிகேட். பதினேழு வருஷம் பனிமலையில கம்பி இழுத்தது கணக்குல வராதாம்.”

“அப்புறம்?”

“பேசிட்டிருக்கும்போதே அவங்க நெட்டு போயிடுச்சு. அறுந்த இடத்தைத் தேடிப் புடிச்சு நான்தான் ஒட்டுனேன்.”

“அப்ப வேலை கிடைச்சிருக்குமே!”

“கிடைச்சுது. வாசல்ல வாட்ச்மேன்.”

“அடேங்கப்பா! சல்யூட் அடிக்க மட்டும் சர்டிபிகேட் வேணாமாக்கும்?”

அப்போது அவர் போன் அடித்தது. அதே கம்பெனி.

“மறுபடி போச்சுங்களா? வாட்ச்மேன் கம்பியைத் தொடலாமா சார்? சர்டிபிகேட் வச்சிருக்கவங்க பார்க்கலையா? ஓகோ, அவங்க பார்த்த பிறகுதான் மொத்தமா போச்சா! சரிங்க, எனக்கு என்ன வேலைன்னு முதல்ல எழுதி அனுப்புங்க.”

கண்டியூரில் போனில் எழுத்து வந்தது. இரண்டு தரம் படித்தார். பையை மச்சினன் மடியில் வைத்துவிட்டு இறங்க எழுந்தார்.

“அக்கா கேட்டா என்ன சொல்றது மாமா?”

“டெக்னீஷியன் வர லேட்டாகும்னு சொல்லு.”

இதை எழுதியது ஆடி பத்தொன்பது.