சிவப்புக் கண்ணாடியா, பச்சைக் கண்ணாடியா

– அப்ப உதடும் சேர்ந்து போயிடுமா அண்ணா?

– உதடு போகாதும்மா. இந்தச் சிவப்புக் கண்ணாடி வழியா எடுத்தா, கறுப்பு வெள்ளைப் படத்துல சிவப்பெல்லாம் வெளுத்தாப்புல தெரியும், அவ்வளவுதான்.

– என் பாதிக் கன்னத்தை மூடின மச்சமும் சிவப்பு, உதடும் சிவப்பு. உங்க சிவப்புக் கண்ணாடி மச்சத்தை மட்டும் ஆள் பார்த்து அழிக்குமாக்கும். ஜூஜுவாடி மாப்பிள்ளை வீட்டுக்காரங்க படத்தைப் பார்த்துட்டு, பொண்ணுக்கு மச்சமும் இல்லை, வாயும் இல்லை, நல்ல எடம்னு தாம்பூலம் மாத்திடப் போறாங்க.

– ராஜாத்தி, சித்த சும்மா இரு. தம்பி, நீங்க அந்தச் சிவப்பையே போடுங்க. இவ இப்படித்தான் பேசுவா. பெத்த எனக்கே இன்னும் பழகல.

– பேசட்டும் அக்கா. திம்மராயன் ஸ்டூடியோவுக்கு வந்து யாரும் பேசாம போனதில்ல. இந்தக் கண்ணாடிங்க போன வாரம்தான் பெங்களூர் பஸ்ல வந்துச்சு. பில்டர்னு பேரு, லென்ஸுக்கு முன்னாடி மாட்டணும். கடைக்காரன் பார்வைக்குக் குடுத்தனுப்பியிருக்கான். ஒண்ணை வச்சுக்கிட்டு ஒண்ணைத் திருப்பி அனுப்பணும். பேகா, பேடவா, வேணுமா வேண்டாமான்னு ஆள்மேல ஆள் விடறான். உங்க பொண்ணு மூஞ்சியில போட்டுப் பார்த்துத்தான் முடிவு பண்ணலாம்னு இருக்கேன்.

– பரவாயில்லையே. இந்த மூஞ்சியாலயும் ஒருத்தருக்கு உபயோகம் வந்துருச்சு.

– இவகிட்ட வாய் குடுக்காதீங்க தம்பி. பஸ் ஸ்டாண்டுல தரகர் நாராயணப்பன் நிக்கிறேன்னாரு. போட்டோ நாளைக்குக் கைக்கு வந்துடும்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன். நீங்க எடுங்க. சிவப்பு, மறந்துடாதீங்க.

– சரிங்க்கா, பார்த்துப் போங்க. நீ அந்த ஸ்டூல்ல உட்காரும்மா. இந்தப் பக்கம் திரும்பு.

– எந்தப் பக்கம்? நல்ல கன்னத்தையா, கெட்ட கன்னத்தையா?

– நேரா. கண்ணாடி இருக்கும்போது பக்கம் எதுக்கு?

– அண்ணா, பொட்டிக்கு முன்னாடி அது என்ன, ஆர்மோனியத் துருத்தி மாதிரி?

– ஹூட்டும்மா. கண்ணாடிக் கூரையில இருந்து வர்ற வெளிச்சம் குறுக்கால லென்ஸ்ல விழுந்தா படம் பூரா பால் ஊத்தினாப்புல ஆயிடும். இதுவரைக்கும் தொப்பியைக் கழட்டித்தான் மறைச்சுக்கிட்டிருந்தேன். பாதிப் படத்துல தொப்பி ஓரமும் விழுந்துடும். தகரப் புனல் மாதிரி ஒரு ஹூட்டும் அனுப்பியிருக்கான். அதைப் போட்டா பில்டர் உட்கார மாட்டேங்குது. துருத்தியில பில்டருக்குன்னே ஒரு காடி, பள்ளமா வெட்டியிருக்கு, அப்படியே சொருகிடலாம். அதனால இதான்.

– லென்ஸுக்குக் குடை பிடிச்சாச்சு. என்னை மட்டும் கூரை வெயில்ல வேகவச்சுட்டீங்க.

– வேகறதுக்குள்ள எடுத்துடறேன். என்னம்மா இது, சொருகப்போற நேரத்துல கையைப் பிடிக்கிறே.

– அந்தப் பச்சையைக் காட்டுங்க.

– அது உனக்கு ஆகாது.

– காட்டுங்களேன். அது வழியா உங்க சுவத்துக் கண்ணாடியில என்னைப் பார்த்துக்கறேன். ஓ. கன்னத்துல தார் பூசினாப்புல இருக்கே.

– அதான் ஆகாதுன்னேன். பச்சை வழியாப் பார்த்தா சிவப்பெல்லாம் கறுத்துப்போகும். பிளேட்டுலயும் அப்படித்தான் விழும்.

– இதையே போடுங்க.

– ஏம்மா, இந்த ஊர்ல எல்லாரும் இருக்கறதை மறைக்கத்தான் என்கிட்ட வர்றாங்க. அணைக்கட்டு வேலை மேஸ்திரி ஒருத்தர் வந்தாரு. அவருக்குப் பின்னால அணை கட்டி முடிஞ்ச மாதிரி வரணும்னாரு. கவர்மெண்டாலயே இன்னும் முடியல, நான் எங்க முடிக்கறது? நீ என்னடான்னா இருக்கறதுக்கு மேல கறுப்படிக்கச் சொல்றே.

– உங்களுக்கு முன்னால ரெண்டு ஸ்டூடியோவுல எடுத்தாச்சு அண்ணா. ஒருத்தர் பென்சிலால தேய்ச்சு மறைச்சாரு. இன்னொருத்தர் நிழல்ல உட்கார வச்சாரு. ரெண்டு படமும் மகாலட்சுமி மாதிரி இருந்துச்சு. படத்தைப் பார்த்துட்டு மத்தூர்ல இருந்து ஒரு வண்டி ஜனம் பொண்ணு பார்க்க வந்தாங்க. நான் காப்பித் தட்டோட வெளிய வந்தேன். மாப்பிள்ளை பையன் என்னைப் பார்த்துட்டு, பொண்ணை வரச் சொல்லுங்கன்னான்.

– அடப் பாவமே.

– பாவமென்ன பாவம். நான்தான் பொண்ணுன்னதும் அவனுக்கு வந்த இருமலைப் பார்க்கணும். காப்பியைக்கூடக் குடிக்காம கிளம்பிட்டாங்க. அடுத்தவங்க கொஞ்சம் மரியாதைப்பட்டவங்க. குடிச்சுட்டுக் கிளம்பினாங்க.

– அதுக்குன்னு...

– நீங்க சிவப்புப் போட்டு எடுத்துக் குடுத்துடுவீங்க. ஜூஜுவாடிக்காரர் வருவாரு. அப்ப நீங்களும் எங்க வீட்டுக்கு வந்து, அவர் கண்ணுக்கு முன்னால அந்தக் கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பீங்களா? கல்யாணமானா தினமும் காலையில வரணுமே. உங்களுக்கு ஸ்டூடியோ வேலை கெட்டுப்போகுமே.

– உங்கம்மா வந்தா என்னை என்ன சொல்லுவாங்க?

– எது பச்சை எது சிவப்புன்னு தெரியாத போட்டோக்காரன்னு சொல்லுவாங்க. நாலு நாள் பேசுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க. என் மூஞ்சியை நான்தானே அண்ணா தூக்கிட்டுத் திரியணும்.

– இந்தப் படத்தைப் பார்த்துட்டு யாருமே வரலைன்னா?

– எல்லாரும் வேண்டாம் அண்ணா, ஒருத்தன் வரட்டும். முதல்ல பார்த்துட்டு, அப்புறம் வரட்டும். அப்படி ஒருத்தன் வந்து வீட்டுல உட்கார்ந்தான்னா, நான் தட்டைத் தூக்கிட்டு நேரா அவன் முன்னால போய் நிப்பேன். எனக்கு அது போதும்.

– ம். நீ உட்காரு. பச்சையே சொருகறேன்.

– கோபமா?

– கோபமில்லம்மா. இத்தனை வருசமா மறைக்கறதுக்கே கத்துக்கிட்டேன். இருக்கறதைக் காட்டுன்னா கைக்குப் பழக்கமில்ல. நெத்தி முடியை ஒதுக்கிக்கோ. கன்னத்தை நேராக் காட்டு. நான் துணிக்குள்ள போறேன்.

– உள்ள எப்படித் தெரியறேன்?

– தலைகீழா.

– எங்க வீட்டுலயும் அப்படித்தான் பார்க்கறாங்க.

– சிரிப்புக் காட்டாதே. பச்சைக்கு நேரம் கூடவேணும், அசையாம இரு. மூச்சைப் பிடி. ஆச்சு.

– ஆயிடுச்சா?

– ஆயிடுச்சு. நல்லா உட்கார்ந்தே. நிமிர்ந்து உட்கார்ந்தே.

– போட்டோவுக்குக் கன்னத்தைத் திருப்பாம உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. கழுத்து வலிக்கல அண்ணா.

– பெங்களூருக்குச் சிவப்பையே திருப்பி அனுப்பிடறேன் போ. துருத்தியும் பச்சையும் இங்கயே இருக்கட்டும். யாராவது ஒருத்தராவது கேட்டு வராமலா போயிடுவாங்க.

– வருவாங்க. என்னை மாதிரி பைத்தியம் கிருஷ்ணகிரியில இன்னொண்ணு இல்லாமலா போகும்.

– ராஜாத்தி, எழுந்திரு, எழுந்திரு. தம்பி, எடுத்தே முடிச்சுட்டீங்களா? கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

– என்னம்மா, ஓடி வந்தியா? என்ன ஆச்சு?

– தரகரைப் பார்த்தேன் கண்ணு. போட்டோவே வேண்டாம்னுட்டாங்களாம் ஜூஜுவாடிக்காரங்க.

– வேண்டாம்னா, பார்க்காமயேவா?

– நல்ல சேதிதாண்டி. உன் பேருக்கு எழுதறோம்னு சொன்னோமே காட்டு நிலம், அதை மாப்பிள்ளையோட அப்பா வந்து சுத்திப் பார்த்தாராம். அணை முடிஞ்சா தண்ணி கால்வாய்ல அது ஓரமாத்தான் வரப்போகுதுன்னு ஓவர்சீயரையும் கேட்டுக்கிட்டாராம். தையில முகூர்த்தம் வச்சுக்கலாம், பொண்ணு எப்படி இருந்தாலும் எங்களுக்குச் சரின்னுட்டாங்களாம். யாருக்கு வரும் தம்பி, அப்படி ஒரு மனசு?