பின்சீட்டுக்கு அடியில் இருந்த எர்த் போல்ட்

பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் ஆகியவை முதல் பக்கத்தில் உள்ளபடி. வயது எழுபத்திரண்டு. கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மருமகளுடனும் பேத்தியுடனும் ஒரே வீட்டில் வசிக்கிறேன். இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு என்னை யாரும் அழைத்து வரவில்லை, நானாக வந்தேன். வரிசைப்படுத்திக்கொள்ளாமல் பேசினால் எனக்குக் குழப்பம் வரும் என்று கேட்டுக்கொண்டதால், சொல்லப்போவதை முதலில் குறித்துக்கொள்ள எழுத்தர் சம்மதித்தார். "பரீட்சைப் பேப்பர் மாதிரி இருக்கே பெரியவரே" என்றார்.

1. வண்டியும் அதில் கேட்ட ஒலியும்.
2. கடைக்காரர் செய்த வயரிங் வேலை, அதில் குறை இல்லை என்பது.
3. அதன் பின்பு நான் செய்தது.
4. அந்த ஒலி வேண்டியிருந்தது எனக்கு மட்டுமே, என் மருமகளுக்கு ஒன்றும் தெரியாது என்பது.

வண்டி என் மகனுடையது. கதவுகளில் ஸ்பீக்கரும், டிக்கியில் பெரிய ஸ்பீக்கர் பெட்டியும், பின்சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயரும் அவனே பொருத்தியவை. எர்த் கம்பியைப் பெயிண்டைச் சுரண்டாமல் அப்படியே ஒரு போல்ட்டில் முறுக்கி வைத்திருந்தான். அதனால், சாவியைத் திருப்பியதுமே தானாக ஓடத் தொடங்கும் அந்தப் பாட்டு செட்டின் ஸ்பீக்கரில் மெல்லிய கீச்சொலி ஒன்று வரும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒலி மேலே ஏறும், விட்டால் இறங்கும். எர்த் சரியில்லாத வண்டியில், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் இரைச்சல் இப்படிப் பாட்டுக்குள் புகுவது உண்டு என்பதை அவனிடம் சொன்னேன். "இருக்கட்டும்பா, சுதிப்பெட்டி இல்லாத குறைக்கு இது" என்றான். ஓட்டும்போது அந்த ஒலியோடு சேர்ந்து முனகுவான். ஒலி ஏறினால் அவனும் ஏறுவான், கியர் மாற்றுகிற இடத்தில் அது சட்டென்று விழுந்தால் அவனும் விழுவான். பக்கத்தில் இருக்கும் என் மருமகள், "ரெண்டுல ஒண்ண நிறுத்துங்க, தலை வலிக்குது" என்பாள். "எதை?" என்று கேட்பான்.

என் மகன் சென்ற மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துபோனான். அதன் பின்பு மருமகள் அந்த வண்டியில், ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் வயதானவர்களை வாடகைக்கு ஏற்றிச் செல்லத் தொடங்கினாள். குடும்பம் அதில்தான் ஓடுகிறது. கடைக்குப் போகும்போது என்னையும் பின்சீட்டில் ஏற்றிக்கொள்வாள். வண்டி நகர்ந்ததும் ஒலி வரும். வந்த ஒலி ஒன்றுதான், ஆனால் எனக்கு இரண்டு கேட்டது. முதல் தடவை மருமகளுக்குப் பக்கத்து முன்னிருக்கையை எட்டிப் பார்த்தேன். அதில் காய்கறிப் பை இருந்தது. அதன் பின்பு எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். மூடினால், கியர் மாறும் இடத்தில் அவன் மூச்சை இழுப்பதும் கேட்டது. இது மனத்தின் வேலை என்று அறிவேன். அறிந்திருந்தும் கேட்பது நிற்கவில்லை.

வண்டியில் ஏறியவர்கள் முகம் சுளித்தார்கள். ஒரு அம்மாள், "உள்ள யாரோ அழுற மாதிரி இருக்கு" என்று பாதி வழியில் இறங்கிக்கொண்டார். அதன் பின்பு மருமகள் வண்டியைப் பெரிய தெருவில் உள்ள கார் ஸ்டீரியோ கடைக்குக் கொண்டு போனாள். நானும் உடன் போனேன். அந்தக் கடைக்காரரைத் தெருவில் எல்லோரும் தும்தும் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் செட்டைப் போட்டுப் பார்க்கும்போது பக்கத்துக் கடை பாட்டில்கள் ஆடும் என்பதால் அந்தப் பெயர். அவர் சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "அக்கா, கொசுவ கூண்டுல போட்டு வளக்குறீங்களா?" என்றார்.

"சத்தம் போகணும். அவ்வளவுதான்" என்றாள் மருமகள்.

நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, "பயப்படாதீங்க சார். பேயும் இல்ல பிசாசும் இல்ல, எர்த்து. இப்ப ஓட்டிடறேன்" என்றார்.

அவர் செய்த வேலையை நான் கடைசிவரை நின்று பார்த்தேன். முதலில் பேட்டரியின் கனெக்‌ஷனைக் கழற்றினார். பேட்டரியை ஒட்டியே ஃப்யூஸ் வைத்தார். கரண்ட் வயரை வண்டியின் ஒரு பக்கமும், செட்டிலிருந்து வரும் சிக்னல் வயரை மறுபக்கமுமாகப் பிரித்துக் கொண்டுபோனார். அதன் பின்பு பின்சீட்டைத் தூக்கி, போல்ட் வரும் இடத்தில் பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, தகரம் பளபளவென்று தெரிந்த பிறகே எர்த் கம்பியின் வளையத்தை அதில் வைத்து, பல் வாஷர் போட்டு முறுக்கினார். எர்த் கம்பி கரண்ட் வயரின் அதே பருமன், நீளம் குறைவு. "சார், நீங்களும் ஒரு இழு இழுத்துப் பாருங்க" என்றார். இழுத்தேன். அசையவில்லை. ஆகவே அவர் வேலையில் குறை இருந்ததாக யார் சொன்னாலும் அது சரியல்ல.

வண்டியைக் கிளப்பியபோது ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்கவில்லை. மருமகள் நியூட்ரலில் வைத்தபடியே ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். விட்டாள். மறுபடியும் மிதித்தாள். "அக்கா, போயிடுச்சுக்கா. பெட்ரோல் வீணாகுது" என்று அவர் சொன்ன பிறகு காலை எடுத்தாள். வீடு வரும்வரை நான் கண்ணை மூடியிருந்தேன். டயர் உருளும் சத்தம் மட்டும் இருந்தது.

சில நாள் பொறுத்துப் பார்த்தேன். அதன் பின்பு ஒரு மதியம், மருமகள் உறங்கிக்கொண்டிருந்தபோது, பேத்தி பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, ஸ்பேனரை எடுத்துப் போய்ப் பின்சீட்டைத் தூக்கி அந்த போல்ட்டைத் தளர்த்தினேன். தளர்த்தி வண்டியைக் கிளப்பிப் பார்த்தும் ஒலி வரவில்லை. அவ்வளவு நன்றாகத் தேய்த்திருந்தார். ஆகவே போல்ட்டைக் கழற்றி, தேய்த்த இடத்தில் நகப்பூச்சைத் தடவி உலர விட்டு, வளையத்துக்குக் கீழே அட்டைத் துண்டு ஒன்றை வைத்து, விரலாலேயே போல்ட்டைத் திருகி விட்டேன். வண்டியைக் கிளப்பினேன். ஒலி வந்தது. நான் முன்னிருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஏதாவது பேசினீர்களா என்று எழுத்தர் கேட்கிறார். "சாப்பிட்டியாப்பா" என்று கேட்டேன். வேறு எதுவும் பேசவில்லை.

எர்த் மோசமானால் ஆம்ப்ளிஃபயர் நின்றுபோகும், அதற்கு மேல் கெடுதல் இல்லை என்று கணக்குப் போட்டேன். கணக்கு தப்பு. தன் வழி அடைபட்ட மின்னோட்டம் சிக்னல் வயரின் மெல்லிய உலோக உறை வழியாக டாஷ்போர்டில் உள்ள செட்டுக்குத் திரும்பிப் போயிருக்கிறது. அந்த வயர் அந்தப் பாரத்தைத் தாங்காது. திறந்திருக்கும் வழிகள் எல்லாவற்றிலும் மின்னோட்டம் போகும் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுக்கொண்டிருந்தவன் நான். பின்சீட்டுப் பக்கம் கருகாமல் டாஷ்போர்டு மட்டும் எரிந்திருப்பதை இங்கே போட்டோவில் பார்த்தபோதுதான் அது விளங்கியது.

முந்தாநாள் காலை, ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது டாஷ்போர்டிலிருந்து புகை வந்திருக்கிறது. மருமகள் வண்டியை ஓரம் கட்டி, சூடேறிய பானட்டைத் தூக்கிப் பேட்டரி வயரைப் பிடுங்கியதில் இரண்டு உள்ளங்கைகளும் வெந்துபோயின. ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அவளுடைய அண்ணன் கோபத்தில் கடைக்காரர் மேல் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் கடையைப் பூட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு இன்று வந்தேன். இங்கே உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கடைக்காரர் என்னைக் கண்டதும் எழுந்து, "சார், நீங்களாவது சொல்லுங்க. நான் பெயிண்ட்ட சுரண்டினேனா இல்லையா? நீங்க இழுத்துப் பாத்தீங்களா இல்லையா?" என்றார். இழுத்துப் பார்த்தேன் என்று சொன்னேன். மீதியை அவரிடம் சொல்லாமல் நேராக எழுத்தரிடம் வந்தேன்.

இதுவரை எழுதியிருந்தபோது மருமகளிடமிருந்து போன் வந்தது. பேச அனுமதித்தார்கள். நர்ஸ் அவள் காதருகே போனைப் பிடித்திருந்ததாகத் தெரிகிறது.

"மாமா, எங்க இருக்கீங்க?"

"ஸ்டேஷன்லம்மா. அந்த எர்த் போல்ட்ட நான்தான்…"

"தெரியும் மாமா."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அன்னைக்குச் சாயங்காலமே வண்டிய எடுத்தேன்ல, சத்தம் திரும்ப வந்துடுச்சு. தும்தும் போட்டது அவ்வளவு சீக்கிரம் விடாது. வீட்டுல ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்சது வேற யாரு? நேரா கடைக்குப் போயிருக்கணும். போகல. ஆள் ஏத்தாம சும்மா சுத்திட்டு வந்தேன். அவர் அதுகூடவே பாடுறது எனக்கும் கேக்கும் மாமா."

"அப்ப எதுக்கும்மா சரி பண்ணச் சொன்ன?"

"ஆள் ஏற மாட்டேங்கறாங்களே. பாப்பாவுக்கு ஃபீஸ் யார் கட்டுவா?" என்றாள். அதன் பின்பு, "அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன். அந்த மனுஷன முதல்ல வெளிய விடச் சொல்லுங்க. நான் சொன்னதையும் எழுதச் சொல்லுங்க" என்றாள்.

"அது வேண்டாம்மா. என்னோட போகட்டும்."

"அந்த வண்டில நீங்க ஒருத்தர் மட்டும்தான் இருந்தீங்களா மாமா?" என்று கேட்டாள். அதன் பின்பு நர்ஸ் போனை வைத்துவிட்டார்.

முதலில் எழுதிய வரிசையில் ஒரு வரியை அடித்துவிடலாமா என்று எழுத்தரைக் கேட்டேன். எழுதியதை அடிக்கக் கூடாது, வேண்டுமானால் கீழே திருத்திச் சொல்லலாம் என்றார். ஆகவே சொல்கிறேன். மேலே உள்ளதை எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார்கள். என் வாயிலிருந்து வந்ததுதான், என்னை யாரும் மிரட்டவில்லை. முதல் மூன்று குறிப்புகளும் நடந்தது நடந்தபடி. நான்காவது குறிப்பு தவறு.

(ஒப்பம்)