பூண்டு வாசனை

உங்கள் ஃபிளாஸ்க்கில் இருப்பது நல்ல காபி, மேடம். மூடி திருகியிருந்தும், வாசலில் பூட்ஸிலிருந்து பனியை உதறும்போதே மணம் என் மூக்கில் ஏறிவிட்டது. இல்லை, இப்போது ஊற்ற வேண்டாம். ஃபின்லாந்துக்காரன் காபி வேண்டாம் என்றால் அவனுக்கு அதைவிடப் பெரிய வேலை இருக்கிறது என்று அர்த்தம். முடித்துவிட்டுக் குடிக்கிறேன். உங்களுக்கும் சளி போலிருக்கிறது, கைக்குட்டையைக் கீழே வைக்கவே இல்லை. இந்தப் பிப்ரவரியில் ஊரே மூக்கைச் சிந்திக்கொண்டுதான் திரிகிறது.

என்னை யாரும் காவல் நிலையத்துக்கு அழைத்து வரவில்லை, நானாகத்தான் வந்தேன். கப்பல் கட்டும் தளத்தில் நடந்த வெடிவிபத்தைப் பற்றிப் பேப்பரில் போட்டிருந்தார்கள். பழைய ஹோஸ் கசிந்ததாம். பாதுகாப்பு ஃபோர்மேன் ஒஸ்மோவின், அதாவது என், மூக்கு தவறிவிட்டதாம். வயதானவர், யார் மீதும் குற்றமில்லை, இரண்டு உயிர் போனதுதான் மிச்சம் என்று எழுதியிருந்தார்கள். அது தப்பு. அந்தத் தப்பைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன்.

அசிட்டிலினைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்கிறேன். இரும்புத் தகட்டை வெட்ட நாங்கள் எரிக்கிற வாயு அது. எங்கள் தளத்தில் அதைத் தொட்ட எல்லாருக்கும் நான்தான் கற்றுக்கொடுத்தேன். சிலிண்டரை நிற்க வை, படுக்கப் போடாதே. வால்வுச் சாவியை வால்விலேயே விட்டு வை, ஆபத்து நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மூடிய தொட்டிக்குள் ஹோஸைப் போட்டுவிட்டுக் காபிக்குப் போகாதே. ஹோஸ் ஆளோடு இறங்கும், ஆளோடு ஏறும். மற்ற வாயுக்கள் காற்றோடு அளவாகக் கலந்தால்தான் தீப்பிடிக்கும். இதற்கு அந்தக் கணக்கு கிடையாது. கொஞ்சம் இருந்தாலும் பிடிக்கும், நிறைய இருந்தாலும் பிடிக்கும். ஆனால் ஒரு நல்ல குணம் உண்டு, சொல்லிவிட்டுத்தான் வரும். பூண்டை நசுக்கியது போல வாசனை அடிக்கும்.

அந்த வாசனைக்காகவே எங்களிடம் ‘மூக்கு’ என்று ஒரு பதவி இருந்தது. அதற்குச் சம்பளம் கிடையாது. கப்பலின் அடித்தட்டுத் தொட்டிக்குள் இறங்க ஒரு துவாரம் இருக்கும். இடைவேளை முடிந்ததும் ‘மூக்கு’ அதன் மேல் குனிந்து முகர்வான். “சுத்தம்” என்பான். அப்புறம்தான் ஆள் இறங்குவான். வாயு மீட்டர் ஒன்றும் இருந்தது, அலமாரியில் தூங்கியது. உறைபனியில் அதன் முள் மக்கர் பண்ணும் என்று சொல்லிக்கொள்வோம். உண்மையில், என் மூக்கு இருக்கும்போது மீட்டரை எடுப்பது என்னை அவமதிப்பது என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்குக் குடும்பம் கிடையாது மேடம், அந்த ஒரு சொல்தான் இருந்தது. நான் சொன்னால் மனிதர்கள் கேள்வி கேட்காமல் இருட்டுக்குள் இறங்கினார்கள். பாதிரியார் பேச்சைக்கூட எங்கள் ஆட்கள் அவ்வளவு சுலபத்தில் கேட்கமாட்டார்கள்.

இலையுதிர்காலத்தில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. அதற்குப் பிறகு மூக்கு சற்று மந்தமாயிற்று. மந்தம்தான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் காபி அறையில் ரெய்யோவுக்கு வேடிக்கை வேண்டியிருந்தது. ரெய்யோ வெல்டர், வாய் ஓயாதவன். ஒரு நாள் ஈரக் காலுறைகளைக் கழற்றி, என் பக்கத்தில் இருந்த அடுப்பின் மேல் காயப் போட்டான்.

“ஐயோ, இதுக்குச் செத்த எலி தேவலாம்டா!” என்று ஒருவன் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தான். அறையே காலியானது. நான் மட்டும் ரொட்டியைக் காபியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தேன்.

“பாருங்கடா நம்ம மூக்கை! நாத்தத்துல குந்திக்கிட்டு விருந்து சாப்பிடுது!” என்றான் ரெய்யோ.

“வாய மூடுடா,” என்றான் கௌக்கோ. அவனும் வெல்டர்தான், ரெய்யோவின் கூட்டாளி. “உன் காலு நாறுதுன்னு சொல்லிக்காட்ட வேணாமேன்னு அண்ணன் கம்முனு உக்காந்திருக்காரு. அந்த மரியாதை உனக்கு எங்க தெரியும்?”

சிரிப்பு ரெய்யோ பக்கம் திரும்பியது. மூக்கறுபட இருந்த என்னைக் கௌக்கோ காப்பாற்றினான். அதை நான் மறக்கவில்லை, எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

அன்று மாலை தளத்துச் சவுனாவில், அதுதான் நீராவிக் குளியலறையில், மேல் பலகையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். கௌக்கோ சூடான கற்களில் தண்ணீர் ஊற்றி, ஆவி அடங்கும்வரை காத்திருந்தான்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு வாசனை தெரியறதில்ல. எனக்குப் புரிஞ்சுபோச்சு. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

நான் வாளியிலிருந்து இன்னொரு கரண்டித் தண்ணீரை அள்ளிக் கற்களில் ஊற்றினேன்.

“பென்ஷன் வாங்க இன்னும் கொஞ்ச நாள்தானே? நீங்க குனியறதுக்கு முன்னாடி நான் போய் ஒரு மூச்சு இழுத்துடறேன். சுத்தம்னா தொப்பியைத் தொடறேன். நீங்க வழக்கம்போல சொல்லுங்க. நான் பாத்துக்கறேண்ணே.”

குளிர்காலம் முழுக்க அவன் தொப்பியைத் தொட்டான், நான் “சுத்தம்” என்றேன். அவன் நல்லவன். ஒரு தரம்கூட அதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் மன்னித்திருப்பேன். ஒருவன் தினமும் உங்கள் மேல் இரக்கப்பட்டுத் தொப்பியைத் தொடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறீர்களா? அவனைக் கண்டாலே எனக்கு வயிறு எரிந்தது.

பிறகு அவனுக்கும் சளி பிடித்தது. அந்த வெள்ளிக்கிழமை காலையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

“என் மூக்கும் அடைச்சுக்கிச்சுண்ணே. குருடனுக்குக் குருடன் வழி காட்ற கதையாயிடும். ஆளுங்களை இப்படி இறக்கறது பாவம். இன்னிக்கு மீட்டரை எடுத்துக்குவோம். திங்கக்கிழமை மேனேஜர்கிட்ட நாமளே போய்ச் சொல்லிடலாம், நானும் கூட வர்றேன்.”

“ஆகட்டும்,” என்றேன். “மீட்டரை நானே பாத்துடறேன்.”

காபி மணி அடித்தது. கௌக்கோ நான் கற்றுக்கொடுத்தபடியே ஹோஸைத் தொட்டியிலிருந்து இழுத்து, துவாரத்தின் பக்கத்தில் சுருட்டி வைத்துவிட்டுப் போனான். சிலிண்டர்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நான் பின்தங்கினேன். நான் எப்போதும் சிலிண்டர்களைப் பார்க்கிறவன், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹோஸின் நுனியை மறுபடி துவாரத்துக்குள் விட்டு வால்வைத் திறந்தேன். போய் அவர்களோடு உட்கார்ந்து காபி குடித்தேன். முன்கூட்டியே எழுந்து வந்து, வால்வை மூடி, ஹோஸை இழுத்துச் சுருட்டினேன். கௌக்கோ இடதுகைக்காரன். அவன் சுற்றுகிற பக்கமாகவே நானும் சுற்றினேன். வேலையை அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

கௌக்கோவும் ரெய்யோவும் வந்தார்கள். மீட்டரைத் துவாரத்தில் பிடித்தேன். முள் கோடிவரை போனது. அவர்கள் பார்ப்பதற்குள் பெட்டியை மூடிவிட்டேன். கௌக்கோ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்று அவன் தொப்பியைத் தொடவில்லை, கை சும்மா தொங்கியது. அந்தக் குளிர்காலத்தில் நான் சந்தோஷமாக இருந்தது அந்தக் கணம்தான்.

“சுத்தம்,” என்றேன்.

“இரு இரு,” என்றான் ரெய்யோ. “லேசாப் பூண்டு அடிக்கிற மாதிரி இல்ல?”

“அண்ணன் மீட்டர்லயே பாத்துட்டாருடா,” என்றான் கௌக்கோ. “உன் காலுறை நாத்தமா இருக்கும். இறங்கு.”

ரெய்யோ சிரித்துக்கொண்டே முதலில் இறங்கினான். ரெய்யோ என் கணக்கில் இல்லாதவன், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவனைத் தடுக்க ஒரு சொல் போதும். ஆனால் அந்தச் சொல் நான் முதலில் சொன்னதைப் பொய்யாக்கிவிடும். நான் அங்கே நின்ற காலத்தில் ஒரு முறைகூடச் சொன்னதை மாற்றிச் சொன்னதில்லை. உள்ளே தகடு வெட்டுகிற டார்ச்சைப் பற்றவைக்கிற உரசல் சத்தம் கேட்டபோது நான் சிலிண்டர்களுக்கு அந்தப் பக்கம் போயிருந்தேன். மற்றதை நீங்களே வந்து பார்த்தீர்கள்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். இருந்திருப்பேன். நேற்று கௌக்கோவின் மனைவி ஔனே என் வீட்டுக்கு வந்தாள். ஏலக்காய் ரொட்டி சுட்டு எடுத்து வந்திருந்தாள்.

“உங்க மேல எனக்குக் கோவம் இல்லண்ணே,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “உங்களுக்கு வாசனை போயிடுச்சுன்னு அவரு எப்பவோ சொன்னாரு. பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க?”

யாரிடமும் சொல்லமாட்டேன் என்றவன் பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறான். இனி ஊர் முழுக்க என்னைப் பாவம் என்று சொல்லும். தெருவில் எனக்காகத் தொப்பியைத் தொடும். அவள் போன பிறகு ரொட்டியைத் தின்றுபார்த்தேன். ஏலக்காயே இல்லை. துக்கத்தில் போட மறந்திருப்பாள்.

அதனால்தான் வந்தேன். தொட்டிக்குள் வாயு இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்துதான் “சுத்தம்” என்றேன். கௌக்கோவையும் ரெய்யோவையும் கொன்றது நான். தவறிப்போய் அல்ல.

எப்படித் தெரியும் என்கிறீர்கள். வால்வைத் திறந்தவன் நான், முள்ளைப் பார்த்தவனும் நான். ஆமாம், அதற்கு மூக்கு வேண்டியதில்லைதான். ஆனாலும் துவாரத்தில் குனிந்தபோது பூண்டு வாசனை வந்தது. நன்றாகவே வந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தொண்டை வறண்டுவிட்டது. இப்போது அந்தக் காபியைக் கொஞ்சம் ஊற்றுங்கள்.

சிவப்பாக இருக்கிறதே.

சளிக்காகக் காய்ச்சிய பெர்ரிச் சாறா? காலையிலிருந்தே ஃபிளாஸ்க்கில் இதுதானா?

அப்படியானால் பக்கத்து அறையில் யாரோ காபி போட்டிருக்கிறார்கள். நான் சொன்னது அந்த மணத்தைத்தான். அந்த அறை பூட்டியிருக்கிறதா? சரி, அதற்கும் அடுத்த அறையாக இருக்கும். எங்கேயோ போட்டிருக்கிறார்கள், மேடம். நீங்கள் எழுதுங்கள்: மூக்கு தவறவில்லை.