பட்டைக் கடிக்காத நாய்

மாட்டாஸ்பத்திரி வரிசையில் எனக்கு முன்னால் ஒரு நெசவுக்காரம்மா. மடியில் நாய் நடுங்கிக்கொண்டிருந்தது. வயிற்றில் கட்டி அறுத்த தையல்மேல் பட்டுத்துணி சுற்றியிருந்தாள்.

“நாய்க்கு எதுக்குமா பட்டு?” என்றார் மாட்டோடு வந்தவர்.

“பயந்தா எல்லாத்தையும் கடிக்குதுபா. பருத்தித் துணியக் கிழிச்சித் தையல்ல வாய் வெச்சிடுச்சி. தறிக்கு அடியில வளந்தது, பட்ட மட்டும் தொடாது.”

“சாமிக்குக் கட்றத நாய்க்குக் கட்டிக்கினு. ஊர் என்னா சொல்லும்?”

“சாமிக்கும் நான்தான் நெய்யறேன். இது நடுங்கறப்ப ஊரா வந்து புடிச்சிக்கினு குந்துது?”

டாக்டர் அவிழ்த்துப் பார்த்தார். “தையல் ஒண்ணுகூடப் பிரியலை. பட்டையே கட்டும்மா.”

அவள் மாட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டே நிதானமாகக் கட்டினாள். கல்யாணத்துக்கே இரவல் பட்டு உடுத்திய நான், வேட்டிக் கிழிசலை மறைத்துக்கொண்டு நாய்க்கு வழிவிட்டேன்.